262 பேரா, கூடுதலா? முதலாம் மினசோட்டா ரெஜிமெண்டின் கெட்டிஸ்பர்க் தாக்குதல் குறித்து ஒரு விவாதம்

பழஞ்சுவடி எழுதியது:

கெட்டிஸ்பர்க் பீரங்கிகள் பற்றிய இழையில் நண்பர் வடவேங்கடம், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் 1863 ஜூலை 2 மாலை முதலாம் மினசோட்டா தன்னார்வக் காலாட்படை ரெஜிமெண்டின் 262 பேர் சரிவில் இறங்கியிராவிட்டால் அமெரிக்க ஒன்றியமே சிதறிப்போயிருக்கும் என்று எழுதியிருந்தார். அங்கே மறுத்தால் அந்த இழை திசை மாறிவிடும் என்பதால் தனியாகத் தொடங்குகிறேன். அவர்களின் துணிவில் எனக்கு ஐயமில்லை. இறங்கியவர் 262, வீழ்ந்தவர் 215 என்று ஒப்பிக்கப்படும் எண்ணும், அந்தச் சில நிமிடங்களே போரின் முடிவைத் தீர்மானித்தன என்ற கூற்றும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல என்பதே என் வாதம்.

நிகழ்ச்சியை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். (கம்பெனிகள் சேர்ந்தது ரெஜிமெண்ட், ரெஜிமெண்டுகள் சேர்ந்தது பிரிகேட், பிரிகேடுகள் சேர்ந்தது டிவிஷன், டிவிஷன்கள் சேர்ந்தது கோர்.) வடதரப்பான ஒன்றியப் படையின் மூன்றாம் கோரை நடத்திய ஜெனரல் சிக்கிள்ஸ், தமக்கு ஒதுக்கப்பட்ட மேட்டை விட்டு எம்மிட்ஸ்பர்க் சாலை வரை தம் படையைத் தாமாகவே முன்னகர்த்தினார். பிரிந்துபோன தென்மாநிலங்களின் படை, அதாவது தென்தரப்பு, பிற்பகலில் நடத்திய தாக்குதலில் அந்தக் கோர் நொறுங்கிப் பின்வாங்கியதால், செமட்டரி ரிட்ஜ் என்னும் மேட்டின் ஒரு பகுதி காவலின்றிக் கிடந்தது. அதை நோக்கி வில்காக்ஸின் அலபாமா பிரிகேட் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் கோரின் தளபதி ஹான்காக் அங்கு வந்தபோது, ஒரு பீரங்கி அணிக்குக் காவலாக நின்ற முதலாம் மினசோட்டாவின் எட்டுக் கம்பெனிகள்தாம் கண்ணில் பட்டன. வந்துகொண்டிருந்த எதிரிக் கொடியைக் காட்டி அதைப் பிடிக்கும்படி கர்னல் வில்லியம் கால்வில்லுக்கு ஆணையிட்டார். அவர்கள் துப்பாக்கி முனையில் பயனெட் கத்தியைச் செருகிக்கொண்டு பிளம் ரன் ஓடைப் பள்ளத்தை நோக்கி ஓடினார்கள்.

இவ்வளவும் உண்மை. ஆனால் 1897இல் அங்கே எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தின் கல்வெட்டு, இரண்டு பிரிகேடுகளை அவர்கள் எதிர்த்து நின்றதாகவும், 83 விழுக்காட்டுக்கும் மேலான இழப்பைச் சந்தித்ததாகவும், ஒருவர்கூடக் காணாமற்போகவில்லை என்றும், எந்தப் போரிலும் இதற்கு இணையே கிடையாது என்றும் சொல்லிக்கொண்டே போகிறது. நிகழ்ச்சிக்கு 34 ஆண்டுகளுக்குப் பின் பொறிக்கப்பட்ட வாசகத்தை வரலாற்று ஆவணமாக எடுத்துக்கொள்வது தகுமா என்பதே என் கேள்வி.


வடவேங்கடம் எழுதியது:

பழஞ்சுவடி ஐயா, கல்வெட்டில் மிகை இருக்கலாம்; மெய்க்கீர்த்தியில் மிகை தேடுவது நமக்குப் புதிதா என்ன? ஆனால் மிகையைக் காட்டிவிட்டால் நிகழ்ச்சியின் எடை குறைந்துவிடும் என்ற உங்கள் அணுகுமுறையை நான் ஏற்கவில்லை. அன்று இறங்கியவர்கள் யார் என்பதை முதலில் பாருங்கள்.

1861 ஏப்ரல் 14 அன்று, போரைத் தொடங்கிவைத்த சம்டர் கோட்டை வீழ்ச்சியின் செய்தி வந்தபோது தற்செயலாக வாஷிங்டனில் இருந்த மினசோட்டா ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சே, போர் அமைச்சர் கேமரனிடம் நேரில் சென்று ஆயிரம் பேரைத் தருவதாகச் சொன்னார். மாநிலமாகி மூன்றே ஆண்டுகளான, மக்கள்தொகை இரண்டு இலட்சத்தை எட்டாத எல்லைப்புற மாநிலம் அது. செயின்ட் பால், ஸ்டில்வாட்டர், மினியாபொலிஸ், ரெட் விங், ஃபாரிபோ, வினோனா என்று ஊருக்கொரு கம்பெனியாகத் திரண்டவர்கள் ஏப்ரல் 29 அன்று ஸ்னெல்லிங் கோட்டையில் பதிவுசெய்யப்பட்டார்கள். முதலில் மூன்று மாதத்துக்கு என்று சேர்ந்தவர்களிடம் பிறகு மூன்றாண்டு ஒப்பந்தம் கேட்கப்பட்டது. மறுத்துவிட்டு வீடு திரும்பியவர்களும் உண்டு, அவர்களின் இடத்தை நிரப்ப வந்தவர்களும் உண்டு. மாநில அரசிடம் சீருடை இல்லாததால் சிவப்பு ஃபிளானல் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் கறுப்புத் தொப்பியும் கொடுத்தார்கள். ஜூன் 22 அன்று இரண்டு நீராவிப் படகுகளில் மிசிசிப்பி ஆற்றின் வழியே அவர்கள் புறப்பட்டார்கள்.

ஒரு மாதத்துக்குள் வர்ஜீனியாவில் புல் ரன் சண்டை. ஹென்றி குன்றில் ரிக்கெட்ஸின் பீரங்கி அணியைக் காக்க அனுப்பப்பட்ட இவர்களும் எதிரே வந்த தென்தரப்பினரும், யார் எந்தப் பக்கம் என்று புரியாமல் சில கணங்கள் சுடாமல் நின்றார்கள். இரு தரப்பிலும் சீருடைகள் கலந்துகட்டியாக இருந்த காலம் அது. அன்று மட்டும் அந்த ரெஜிமெண்டில் 180 பேர் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போனார்கள். 1862இல் தீபகற்பப் படையெடுப்பில் ஃபேர் ஓக்ஸ், சாவேஜ் ஸ்டேஷன், மால்வெர்ன் ஹில். அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று ஆண்டீட்டத்தில், செட்ஜ்விக்கின் டிவிஷன் மேற்குத் தோப்புக்குள் நுழைந்து பக்கவாட்டிலிருந்து தாக்கப்பட்டு அரைமணிக்கும் குறைவான நேரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தபோது, இந்த ரெஜிமெண்ட் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழந்தும் கட்டுக்குலையாமல் பின்வாங்கியது. டிசம்பரில் ஃபிரெடெரிக்ஸ்பர்க்.

ஆகவே 1863 ஜூலை 2 அன்று ஹான்காக் ஆணையிட்டபோது, முன்னே இருப்பது என்ன என்று அறியாத புதுப்படை அல்ல அது. சரிவில் இறங்கினால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தே இறங்கினார்கள். 1928இல் கேனன் ஃபால்ஸ் ஊரில் கால்வில்லின் நினைவிடத்தைத் திறந்துவைத்த குடியரசுத் தலைவர் கூலிட்ஜ், அந்த எட்டுக் கம்பெனிகளை நாட்டைக் காத்தவர்கள் என்று சொல்லத் தகும் என்றார். அதை வெறும் மேடைப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது.


தெருவிளக்கு எழுதியது:

அடிப்படைக் கேள்வி ஒன்று, பொறுத்தருள்க. ஆயிரம் பேரோடு புறப்பட்ட ரெஜிமெண்ட் இரண்டே ஆண்டுகளில் 262 ஆனது எப்படி? எட்டுக் கம்பெனிகள் என்கிறீர்கள், மற்றவை எங்கே போயின?


பழஞ்சுவடி எழுதியது:

தெருவிளக்கு, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தன்னார்வ ரெஜிமெண்டுகள் பொதுவாக இப்படித்தான் தேய்ந்தன. இறப்பு, காயம், நோய், உடற்குறையால் விடுவிப்பு, வேறு படைக்கு மாற்றம் எல்லாம் சேர்ந்து ஆளைக் கரைத்துவிடும். குறைந்த ரெஜிமெண்டுகளை நிரப்புவதைவிடப் புதிய ரெஜிமெண்டுகளைத் திரட்டுவதையே மாநிலங்கள் விரும்பின. புதிய ரெஜிமெண்ட் என்றால் ஆளுநர் வழங்குவதற்குப் புதிய கர்னல் பதவியும் கேப்டன் பதவிகளும் கிடைக்கும் என்பது அதற்குள் ஒளிந்திருந்த அரசியல்.

கம்பெனிகளைப் பொறுத்தவரை, அன்று மாலை சி கம்பெனி டிவிஷன் தலைமையகத்தில் காவல் பணியில் இருந்தது. எஃப் கம்பெனி, வரிசைக்கு முன்னே சென்று எதிரியோடு சிறுசண்டை நடத்துவதற்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. குறிபார்த்துச் சுடுவோரைக் கொண்டு பின்னர் இணைக்கப்பட்ட எல் கம்பெனியும் வேறிடத்தில் நின்றது. இந்தப் பிரிவினை கணக்குக்கு முக்கியம். அதை நண்பர் கணக்குப்பிள்ளை வந்தால் விளக்குவார்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

அழைத்தமைக்கு நன்றி. இரண்டு தரப்பிலும் சேராமல் எண்களை மட்டும் பார்க்கிறேன்.

முதலில் கல்வெட்டின் சொந்தக் கணக்கு. 262இல் 215 என்பது 82.06 விழுக்காடு. கல்லில் "83க்கும் மேல்" என்று இருக்கிறது. வகுத்தலிலேயே பிழை, அது பெரிய குற்றமில்லை.

அடுத்தது அப்படி விட்டுவிடக்கூடியதல்ல. அதே கல்வெட்டு, மறுநாள் ஜூலை 3 அன்று தென்தரப்பு ஜெனரல் பிக்கெட்டின் தாக்குதலை முறியடித்தபோது மேலும் 17 பேர் வீழ்ந்ததாகச் சொல்கிறது. 215ஐயும் 17ஐயும் கூட்டினால் 232. ஆனால் அரசின் அதிகாரபூர்வ இழப்புப் பட்டியலில் இரண்டு நாளுக்கும் சேர்த்து இந்த ரெஜிமெண்டுக்கு இருப்பது 50 இறப்பு, 173 காயம், ஒருவர் காணவில்லை, ஆக 224. மூன்றாம் நாள் சண்டையில் சி கம்பெனியும் எஃப் கம்பெனியும் கலந்துகொண்டன. வர்ஜீனியா 28ஆம் ரெஜிமெண்டின் கொடியைக் கைப்பற்றிய மார்ஷல் ஷெர்மன் சி கம்பெனிக்காரர், அந்தக் கம்பெனியின் கேப்டன் ஃபேரல் தம் உயிரைப் பறித்த காயத்தை அடைந்ததும் அன்றுதான். ஆகவே 224 என்பது எட்டுக் கம்பெனிகளின் இழப்பை மட்டும் குறிப்பதன்று. அதிலிருந்து 17ஐக் கழித்தால் இரண்டாம் நாளுக்கு 207 மிஞ்சும். கல்வெட்டின் 262ஐ அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது 79 விழுக்காடு.

மூன்றாவது, 262 என்ற எண்ணே. ஜூன் மாத இறுதியின் வருகைப் பதிவேடுகளையும் பெயர்ப் பட்டியல்களையும் அலசிய பிற்கால ஆய்வாளர்களில் சிலர், தாக்குதலில் சென்றவர்கள் முந்நூறைத் தாண்டுவார்கள் என்றும், வேறு சிலர் இழப்பு விழுக்காடு எழுபதுக்குச் சற்றுக் கீழே வரும் என்றும் கணித்திருக்கிறார்கள். 300 பேரில் 207 என்றால் 69 விழுக்காடு.

என் ஊகம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 262இலிருந்து அன்று மாலை வரிசையில் நின்றதாகச் சொல்லப்படும் 47ஐக் கழித்தால் சரியாக 215 வரும். எண்ணிப் பார்த்த இழப்பாக இல்லாமல், கழித்து எடுத்த இழப்பாக இது இருக்கக்கூடும். அப்படியானால் காயமுற்றவரைத் தோளில் தாங்கி மருத்துவக் கூடாரம் வரை போனவரும், இருட்டில் வழி தவறி நள்ளிரவுக்குப் பின் வந்து சேர்ந்தவரும் அந்த 215இல் அடங்கிவிடுவார்கள்.

"இணையே இல்லை" என்பதற்கும் ஒரு வரி. ஆண்டீட்டத்தில் தென்தரப்பின் முதலாம் டெக்சஸ் ரெஜிமெண்ட் சோளக்கொல்லையில் 226இல் 186 பேரை இழந்தது, 82.3 விழுக்காடு. மினசோட்டாவின் மரபு எண்ணை முழுதாக ஒப்புக்கொண்டாலும் டெக்சஸ் ஒரு மயிரிழை முன்னே நிற்கிறது.


வடவேங்கடம் எழுதியது:

கணக்குப்பிள்ளை அவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பட்டியல் என்பது வானத்திலிருந்து விழுந்த உண்மை அல்ல. இழப்புப் பட்டியல் சண்டை முடிந்து, படை தென்திசையில் நடந்துகொண்டிருக்கும்போது தொகுக்கப்படுவது. கட்டுப் போட்டுக்கொண்டு அன்றிரவே வரிசைக்குத் திரும்பியவர் அதில் காயமுற்றவராக வரலாம், வராமலும் போகலாம். "காயம்" என்ற பகுதியில் இருந்துகொண்டு ஆகஸ்டில் இறந்தவர் "இறப்பு" எண்ணில் சேர்வதில்லை. 232க்கும் 224க்கும் உள்ள எட்டுப் பேர் வித்தியாசம் அந்தக் காலத்து எழுத்தர் வேலையில் இயல்பாக வரக்கூடியதுதான்.

262 என்ற எண்ணைத் தந்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் லாக்ரன். மாநில அரசு 1890இல் வெளியிட்ட தொகுப்புக்காக ரெஜிமெண்டின் வரலாற்றை எழுதியவர் அவர்தான். போர்க்காலத்தில் அதே ரெஜிமெண்டில் லெப்டினண்டாக இருந்தவர், பிறகு நீதிபதியானவர். உடன் நின்றவரின் எண்ணை, நூற்றாண்டுக்குப் பின் பதிவேட்டைப் புரட்டியவரின் எண்ணால் அடித்துத் தள்ளுவதற்கு எனக்கு வலுவான காரணம் வேண்டும். பதிவேட்டில் "பணிக்கு உளர்" என்று இருந்தால் போதுமா? சமையற்காரர், வண்டியோட்டி, மருத்துவ உதவியாளர், வெயிலில் நடந்து சுருண்டு விழுந்தவர் எல்லாரும் துப்பாக்கியோடு சரிவில் இறங்கினார்களா?


கணக்குப்பிள்ளை எழுதியது:

லாக்ரன் நாணயமானவர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் எழுதியது கால் நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ரெஜிமெண்டின் முன்னாள் வீரர் சங்கமும் தன் விழுக்காட்டை அடுத்த ரெஜிமெண்டின் விழுக்காட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. 1867இல் இதே ரெஜிமெண்டின் உயிர்பிழைத்தோர் கெட்டிஸ்பர்க் தேசியக் கல்லறையில் ஒரு பளிங்குக் கலசம் வைத்தார்கள்; அக்களத்தில் ஒரு ரெஜிமெண்ட் சார்பில் வைக்கப்பட்ட முதல் நினைவுச் சின்னம் அதுதான். அதில் மாண்ட தோழர்களை நினைவுகூர்ந்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து வந்த கல்லில்தான் விழுக்காடும் ஒப்பீடும் ஏறின.

சமையற்காரர் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. அதனால்தான் முந்நூறு என்று நான் அடித்துச் சொல்லவில்லை. 262 என்று அடித்துச் சொல்வதையும் ஏற்கவில்லை.


அகழிக்கரை எழுதியது:

இதுவரை வடதரப்பின் எண்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். எதிரே நின்றவர் என்ன எழுதினார் என்று யாரும் கேட்கவில்லையே?

வில்காக்ஸ் தம் அறிக்கையை அதே கோடையில் எழுதினார். அதன்படி, அவருடைய ஐந்து அலபாமா ரெஜிமெண்டுகள் எம்மிட்ஸ்பர்க் சாலையைக் கடந்து, பீரங்கிகளைக் கைப்பற்றி, மேட்டின் அடிவாரம் வரை வந்துவிட்டன. அப்போது தப்பியோடும் தம் தோழருக்குத் துணையாகவும் பீரங்கிகளைக் காக்கவும் ஒரு காலாட்படை வரிசை சரிவில் விரைநடையாக இறங்கியது. அந்த வரிசை மூன்று முறை தம் ஆட்களைப் பின்தள்ள முயன்றதாகவும், மூன்று முறையும் அது விரட்டப்பட்டதாகவும் அவர் சொல்கிறார். அடிவாரத்துச் சண்டை சுமார் முப்பது நிமிடம் நீடித்தது. டிவிஷன் தளபதியிடம் ஆள் அனுப்பித் துணைப்படை கேட்டும் வரவில்லை. இடமும் வலமும் யாரும் இல்லாததால், முற்றாக அழிவதையோ சிறைப்படுவதையோ தவிர்க்கப் பின்வாங்கினேன் என்பது அவர் கூற்று. அன்றைய இழப்பு 577 என்று எழுதியிருக்கிறார்.

இதை மினசோட்டாக் கதையோடு பொருத்திப் பாருங்கள். அங்கே ஒரே பாய்ச்சல், முன்வரிசை உடைந்தது, ஐந்து நிமிடம் வாங்கித் தந்தோம் என்கிறார்கள். இங்கே அரைமணி நேரம், மூன்று முயற்சி, எல்லாம் தோல்வி. வில்காக்ஸ் கண்ட வரிசை மினசோட்டா மட்டும்தானா, அல்லது அடுத்தடுத்து வந்த வெவ்வேறு ரெஜிமெண்டுகளை ஒன்றாக எண்ணிவிட்டாரா என்பதே தெளிவில்லை. அவர் பின்வாங்கியது மினசோட்டாவால் என்று அவர் எழுதவும் இல்லை. துணை வராததால் என்று எழுதினார்.


வடவேங்கடம் எழுதியது:

அகழிக்கரை ஐயா, பின்வாங்கிய தளபதி வேறு எப்படி எழுதுவார்? தமக்கு இடப்பக்கம் வரவேண்டிய பிரிகேடுகள் வராமல் போனதை மேலிடத்துக்கு உணர்த்துவதே அந்த அறிக்கையின் நோக்கம். தம் எதிரே இருந்த படை பெரிதாகவும், சண்டை நீண்டதாகவும் இருந்தால்தான் அவருடைய வாதம் நிற்கும். எண்ணூறு அடிக்கு அப்பால் புகைக்குள் நிற்பது ஒரு சிறிய ரெஜிமெண்டா, ஒரு பிரிகேடா என்று அவருக்கே தெரியாமல் போயிருந்தால், அந்தத் தெரியாமையைத் தோற்றுவித்ததுதானே மினசோட்டாவின் சாதனை?

அவருடைய அறிக்கையில் எனக்குத் தேவையான இரண்டும் இருக்கின்றன. ஒரு வரிசை விரைநடையாக இறங்கி வந்தது. அதன் பிறகு அவருடைய பிரிகேட் ஓர் அடியும் முன்னேறவில்லை. ஹான்காக் பிற்காலத்தில், ஒவ்வொருவரும் மடிவர் என்று தெரிந்திருந்தாலும் அந்த ஆணையை இட்டே இருப்பேன் என்று சொன்னதாக வழங்கிவருகிறது. அவருக்கு வேண்டியிருந்தது வெற்றி அல்ல, அவகாசம். அது கிடைத்தது.


பழஞ்சுவடி எழுதியது:

அவகாசம் கிடைத்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்த அவகாசத்தைத் தந்தவர்கள் இவர்கள் மட்டும்தானா என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

அதே மாலையில், அதே பள்ளத்தின் தெற்கே, கர்னல் வில்லார்டின் நியூயார்க் பிரிகேட் பார்க்ஸ்டேலின் மிசிசிப்பிப் படையை எதிர்த்து இறங்கியது. இந்த நியூயார்க்காரர்கள் 1862 செப்டம்பரில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் சரணடைந்தவர்கள். கோழைகள் என்று பத்து மாதம் ஏச்சு வாங்கியவர்கள். அன்று அவர்கள் மிசிசிப்பிப் படையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வில்லார்ட் அங்கேயே மாண்டார், பார்க்ஸ்டேலும் படுகாயமுற்று இறந்தார். வடக்கே, வில்காக்ஸின் இடப்பக்கம் வந்த ஃப்ளோரிடா பிரிகேடை 19ஆம் மெய்ன் ரெஜிமெண்ட் எதிர்கொண்டது. இவற்றுக்கெல்லாம் முன்பாகவே மக்கில்வெரி என்ற பீரங்கி அதிகாரி, சிதறிக்கிடந்த பீரங்கிகளைப் பொறுக்கி எடுத்துப் பிளம் ரன்னுக்குப் பின்னால் ஒரு வரிசை அமைத்து, காலாட்படையே இல்லாத இடைவெளியை வெடிமருந்தால் அடைத்துவைத்திருந்தார். வில்காக்ஸின் ஆட்களோ சிக்கிள்ஸின் கோரைச் சேர்ந்த ஹம்ஃப்ரீஸின் டிவிஷனோடு மோதி, அணி கலைந்து, களைத்துப்போய்த்தான் அந்த ஓடைக்கு வந்து சேர்ந்தார்கள். அவருடைய 577இல் பெரும்பங்கு ஓடைக்கு வருமுன்பே போயிருக்க வேண்டும். சூரியனும் சாய்ந்துகொண்டிருந்தது.

இத்தனையும் சேர்ந்து ஒரு தாக்குதலை நிறுத்தின. அதில் மினசோட்டாவின் பங்கு பெரியது, விலையும் பெரியது. "இடத்தைக் காத்தது" என்று எழுதினால் கையொப்பமிடுவேன். "நாட்டைக் காத்தது" என்றால் வில்லார்டின் ஆட்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது?


தெருவிளக்கு எழுதியது:

நண்பர் கணக்குப்பிள்ளை குறிப்பிட்ட வர்ஜீனியக் கொடி இன்னும் மினசோட்டாவில்தான் இருக்கிறதாமே? வர்ஜீனியா திருப்பிக் கேட்டும் தர மறுத்துவிட்டார்கள் என்று படித்தேன். அது சரிதானா?


மட்டுறுத்துனர் எழுதியது:

ஆம், அங்கேதான் இருக்கிறது, கேட்டவர்களுக்கெல்லாம் மறுப்பே கிடைத்தது. கைப்பற்றிய கொடிகளைத் திருப்பித் தரலாமா என்பது தனி வழக்கு. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே ரெஜிமெண்டின் பணி வரலாறும் ஜூலை 2 தாக்குதலும் மட்டும்.


பனங்காடு எழுதியது:

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். இரு தரப்பினரும் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மூன்றாண்டு பணியாற்றிய ஒரு ரெஜிமெண்டின் வரலாற்றை ஒரு மாலையின் சில நிமிடங்களாகச் சுருக்கிவிட்டு, அந்த நிமிடங்களுக்குள் தசம புள்ளி தேடிக்கொண்டிருக்கிறோம்.

கெட்டிஸ்பர்க்குக்கு நடந்து வரும் வழியில், ஜூன் 29 அன்று, ஓர் ஓடையை வரிசை கலையாமல் நேரே தண்ணீரில் இறங்கிக் கடக்க வேண்டும் என்று மேலிடத்து ஆணை. நனைந்த காலோடு நாளெல்லாம் நடந்தால் பாதம் கொப்பளித்துவிடும் என்பதால் ஆட்கள் சிலர் மரக்கட்டைகள் மேல் ஏறிக் கடந்தார்கள். அதற்காகக் கர்னல் கால்வில்லைக் கைதுசெய்தார்கள். அவர் விடுவிக்கப்பட்டுப் படையைத் திரும்ப ஏற்றது ஜூலை 2 அன்றுதான். ரெட் விங்கில் செய்தித்தாள் நடத்திய இந்த நெட்டை மனிதர், ஆட்களின் பாதத்துக்காகக் கைதாகிச் சில நாட்களில் அதே ஆட்களைப் பிளம் ரன்னுக்கு நடத்திச் சென்று, தாமும் படுகாயமுற்றார். விழுக்காட்டைவிட இந்தச் செய்திதான் எனக்கு அந்த ரெஜிமெண்டை அடையாளம் காட்டுகிறது.

அடுத்த நாள் படையை ஏற்ற கேப்டன் மெசிக் மாண்டார். கேப்டன் கோட்ஸ் ஏற்றார். ஆகஸ்டில் மிஞ்சியவர்களை நியூயார்க் நகரத்துக்கு அனுப்பினார்கள், கட்டாயப் படைச்சேர்ப்புக் கலவரத்துக்குப் பின் ஊரடங்கிக் கிடக்கச் செய்ய. அக்டோபரில் பிரிஸ்டோ ஸ்டேஷனில் மறுபடி சண்டை. 1864 ஏப்ரல் இறுதியில், புறப்பட்ட அதே ஸ்னெல்லிங் கோட்டையில் ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டது. விடாமல் மறுபடி சேர்ந்தவர்களைக் கொண்டு அமைந்த சிறு பட்டாலியன் பீட்டர்ஸ்பர்க் முற்றுகை வரை போய், இறுதிச் சரணாகதியையும் கண்டது. அதைப் பற்றி இங்கே ஒரு வரிகூட இல்லை.

எண் வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்றாண்டில் போரிலும் காயத்தாலும் இறந்தோர் 187, நோயால் இறந்தோர் 99. அந்தப் போரில் பொதுவாக ஒருவர் குண்டால் இறந்தால் இருவர் நோயால் இறந்தனர். இங்கே அது தலைகீழ்.

புகழ்மாலைக்குள் ஒரு முள்ளையும் வைக்கிறேன். ரெஜிமெண்டைத் தந்த ஆளுநர் ராம்சேதான் 1862 செப்டம்பரில், அந்த மண்ணின் பழங்குடிகளான டகோட்டா மக்களை அழிக்க வேண்டும் அல்லது மாநில எல்லைக்கு அப்பால் என்றென்றைக்கும் துரத்த வேண்டும் என்று சட்டமன்றத்தில் பேசினார். இந்த ரெஜிமெண்டின் முதல் லெப்டினண்ட் கர்னலாக இருந்த ஸ்டீஃபன் மில்லர், அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று மான்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்களைத் தூக்கிலிட்டபோது அங்கே பொறுப்பில் இருந்தார்; பிறகு ஆளுநரும் ஆனார். ரெஜிமெண்ட் அப்போது கிழக்கே இருந்தது, அதற்கு இதில் பங்கில்லை. ஆனால் "நாட்டைக் காத்தார்கள்" என்னும்போது யாருடைய நாடு என்று கேட்க அந்த மண்ணில் ஆட்கள் உண்டு.


வடவேங்கடம் எழுதியது:

பனங்காடு அவர்களின் பதிவுக்கு நன்றி. கால்வில் கைதானதை நானே எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றும் அளவுக்குப் பொருத்தமானது. டகோட்டா பற்றிய பத்தியை மறுக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் மற்றவர்களுக்கு என் நிலைப்பாடு மாறவில்லை. உங்கள் வழிக்கே வருகிறேன்: 69 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். இதே கெட்டிஸ்பர்க்கில் 24ஆம் மிச்சிகன் ரெஜிமெண்ட் ஜூலை 1 அன்று 496இல் 363 பேரை இழந்தது, 73 விழுக்காடு. அதற்குத் தோப்பிலிருந்து மேடு, மேட்டிலிருந்து ஊர் என்று பல மணிநேரம் இடம் இடமாகப் பின்வாங்கிச் சண்டையிட வேண்டியிருந்தது. முதலாம் டெக்சஸ், மற்றவர்களை விட்டு முன்னே ஓடிப்போய் அகப்பட்டுக்கொண்டது. மினசோட்டா மட்டும்தான், பார்த்து, எண்ணி, "போ" என்று சொல்லப்பட்டு, ஒரே சரிவில், ஒரே ஓட்டத்தில் அத்தனையும் கொடுத்தது. விழுக்காட்டைப் பத்துப் புள்ளி குறைத்தாலும் இந்த வேறுபாடு அப்படியே நிற்கிறது.


பழஞ்சுவடி எழுதியது:

அந்த வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் அப்படியானால் கல்வெட்டின் எண்ணை நீங்கள் ஏன் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் விளங்கவில்லை. உங்கள் வாதத்துக்கு 262உம் தேவையில்லை, 215உம் தேவையில்லை. அவற்றை எடுத்துவிட்டு எழுதினால் நான் எதிர்ப்பதற்கு "நாடு" என்ற ஒரு சொல் மட்டும்தான் மிஞ்சும். வில்லார்டின் பிரிகேடை அதே பத்தியில் சேர்த்து எழுதினால் அதுவும் மிஞ்சாது.


கணக்குப்பிள்ளை எழுதியது:

எழுதும்போது "இரண்டு பிரிகேடுகள்" என்பதையும் எடுத்துவிடுங்கள். ஃப்ளோரிடாக்காரர்கள் எதிரே இருந்தது 19ஆம் மெய்ன். மினசோட்டாவின் எதிரே இருந்தது வில்காக்ஸ் ஒருவர்தான். அதுவும் அவருடைய ஐந்து ரெஜிமெண்டுகளும் ஒருசேர அந்த ஓடைக் கரையில் நின்றன என்பதற்கு இந்த இழையில் இதுவரை யாரும் சான்று காட்டவில்லை.